ஏசி பாயிண்ட் எத்தனை?

போன வியாழக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து வயரிங் வேலை பார்க்கும் பையன் கூப்பிட்டான்.

"அண்ணா, திங்கக்கெழம செவுரு கொத்தறோமுங்க. ஏசி பாயிண்ட் எத்தனைன்னு சொல்லிட்டீங்கன்னா இப்பவே பைப்பு உள்ள விட்டுருவேன். பூசுனதுக்கு அப்பறம் சொன்னீங்கன்னா மறுபடியும் உடைக்கோணும்."

கேள்வி ஒரு வரி. பதில் ஒரு எண். பூஜ்யமா, ஒன்றா, நாலா? "ஞாயித்துக்கெழம சொல்றேன் தம்பி" என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

குவைத்தில் ஒரு வங்கியில் அதிகாரியாக இருக்கிறேன். கடன் கேட்டு வருகிறவர்களின் வரவு செலவைப் பார்த்துவிட்டு கொடுக்கலாம், கொடுக்க வேண்டாம் என்று எழுதி அனுப்புவதுதான் வேலை. அடுத்தவன் கணக்கு என்றால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். சொந்த வீட்டு விஷயத்துக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். என்னைப் போலவே வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். தெரியாதவர்களுக்காக: பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர் தாலுக்கா. ஆட்சி கேரளா, பேச்சு தமிழ். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. கேரளா என்றதும் இங்கே உள்ளவர்கள் தென்னை, மழை, படகு என்று கற்பனை செய்கிறார்கள். எங்கள் பக்கம் பனைமரமும் கருவேலமும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் பெரிய இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய்தான். ஆடி மாசத்தில் அந்த வழியாகக் குளிர்ந்த காற்று கிழக்கே போகும். மாசி, பங்குனியில் அதே வழியாகத் தமிழ்நாட்டின் வறண்ட சூட்டுக்காற்று மேற்கே வரும். வாசலில் நிற்பவர்கள் நாங்கள். முதல் அடி எங்களுக்கு.

என் மனைவி வீடு இதற்கு நேர் எதிர். இடுக்கி மாவட்டம், பூப்பாறை பக்கம். போடிமெட்டு ஏறினால் வருமே, அந்த ஊர். ஏலத்தோட்டமும் தேயிலையும். கல்யாணம் ஆகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சித்திரையில் அவள் சிமெண்ட் தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுத்துத் தூங்கினாள். "என்னங்க இது, ராத்திரியிலயுமா அடுப்பு எரியும்?" என்று கேட்டாள். அம்மா சிரித்தார். "மலைக்காட்டுப் புள்ள, பாவம். போகப்போகப் பழகிரும்."

பழகிரும். இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

நாலு ஏசி போட்ட பிளான்

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். வீட்டு பிளான் போட்டபோது நான் குறித்திருந்தது நாலு ஏசி. மூன்று பெட்ரூம், ஒரு ஹால். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் "ஊரில் வெயில் ஜாஸ்தி" என்று சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. இங்கே பக்கத்து ஃபிளாட்காரர் மலப்புறத்தில் கட்டிய வீட்டின் போட்டோ காட்டினார். ஹாலில் பீரோ உயரத்துக்கு ஒரு ஏசி நிற்கிறது. "நாட்டில் எத்தனை டன் போடுகிறாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

(டன் என்றால் ஏசியின் எடை என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரு டன் ஐஸ் கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து சூட்டை வெளியே தள்ளும் ஏசிக்கு ஒரு டன் என்று பெயர். மெஷின் வருவதற்கு முன்னால் ஐஸ் விற்றவர்களின் கணக்கு அது.)

குவைத்தில் ஏசி என்பது தண்ணீர்க் குழாய் மாதிரி. 2016 ஜூலையில் இங்கே மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மின்சாரத்துக்கு அரசாங்கம் பெரும் மானியம் தருகிறது. பெரும்பாலான ஃபிளாட்டில் கரண்ட் பில் வாடகையோடு போய்விடும். அதனால் ஏசியைப் பற்றி யோசிப்பதே இல்லை. அப்படிப்பட்ட இங்கேயே 2024 ஜூனில் கரண்டுக்குத் தட்டுப்பாடு வந்து நேரம் குறித்து மின்வெட்டு செய்தார்கள்.

வருஷக்கணக்காக இந்தக் குளிரில் இருந்துவிட்டு, ஊர் வீட்டுக்கு எத்தனை ஏசி என்று நான் முடிவு செய்வது, சாப்பிட்டு முடித்தவன் பசித்தவனுக்கு அளந்து வைப்பது போல. ஒன்று அள்ளி வைப்பான், இல்லையென்றால் "இது போதும்" என்பான். இரண்டுமே தப்பாகத்தான் இருக்கும்.

2024 ஏப்ரல் 26

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இங்கே வாராந்திர விடுமுறை. கேரளாவில் லோக்சபா தேர்தல். எங்கள் பகுதி ஆலத்தூர் தொகுதியில் வரும். அம்மாவுக்கு ஓட்டுப் போடாமல் இருக்க முடியாது. அப்பா சாயங்காலம் போகலாம் என்றிருக்கிறார். அம்மா கேட்கவில்லை. பத்து மணிக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தார்.

அந்த வாரம் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியிருந்தது. 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 வரை போன கதை எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த அளவுக்கு மறுபடி வந்தது. வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவித்தது. வெயில் தாக்கி முதியவர் இறந்த செய்தியும் எங்கள் மாவட்டத்திலிருந்து அந்த நாட்களில்தான் வந்தது.

மதியம் நான் கூப்பிட்டேன். "வெயில் எப்படீம்மா?"

"கொஞ்சம் புழுக்கமா இருக்குது சாமி. வேற ஒண்ணுமில்ல. நீ சாப்டியா?"

நான் அப்போது 23 டிகிரியில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கால் மேல் போர்வை வேறு.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு ஊரில் கரண்ட் போனது. அவர்கள் இருப்பது அப்பா 1998-ல் பி.எஃப். பணத்தில் கட்டிய தார்சு வீடு. அதற்கு முன் இருந்தது ஓட்டு வீடு. தார்சு போட்டால்தான் மரியாதை என்று இருந்த காலம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் ராத்திரி முழுக்க அதை உள்ளே கக்கும். ரெண்டு மணிக்குத் திண்ணையில் படுக்கலாம் என்று எழுந்த அம்மா, நடையிலேயே மயங்கி விழுந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சோடியம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். பி.பி.க்குச் சாப்பிடும் மாத்திரை நீரை வெளியேற்றுகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதால் அம்மா கஞ்சியில்கூட உப்பில்லாமல் குடித்திருக்கிறார். வெயிலில் வேர்வையாகப் போனது மீதி. ரெண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை. அதுவும் என் மனைவிக்கு அந்தப் பெண் சொல்லி. அப்பாவிடம் கோபப்பட்டேன். "நீ அங்கிருந்து வந்து என்ன பண்ணப்போற?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பழக்கம் என்கிற வாதம்

புது வீட்டில் ஏசி என்று பேச்சு எடுத்தபோது அம்மா சொன்னது: "எங்களுக்கு என்ன, வெய்யில் புதுசா? பொறந்ததுல இருந்து இதுலதான் கெடக்கறோம். பழகிப்போச்சு. பெட்டிக்குள்ள போட்டு அடைச்சு வெக்காத."

அப்பா சொன்னது: "கரண்ட் பில்லு யாரு கட்டறது?" (கட்டப்போவது நான்தான். ஆனாலும் கேட்பார்.)

அம்மா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பழக்கம் என்பது உண்மை. வெயிலில் வேலை செய்து வளர்ந்த உடம்பு சீக்கிரம் வேர்க்கும், நன்றாக வேர்க்கும். ஆனால் அந்தப் பழக்கம் இருபது வயது உடம்பினுடையது. எழுபதில் வேர்வை குறைகிறது, தாகம் தெரிவதில்லை, மாத்திரைகள் குறுக்கே வருகின்றன. அம்மா பழகியது நாற்பது வருஷத்துக்கு முந்தைய ராத்திரிகளுக்கு. ஓட்டு வீடு, மண் சுவர், வாசலில் கயிற்றுக் கட்டில். கட்டில் போய்விட்டது, ஓடு போய்விட்டது. பாம்பும் கொசுவும் திருட்டுப் பயமும் சேர்ந்து அவர்களைக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வைத்துவிட்டன. வெயில் பழசுதான், அதைத் தாங்கிய வீடும் உடம்பும்தான் மாறிவிட்டன.

இதைச் சும்மா சொல்லவில்லை. போன வருஷம் லீவில் போனபோது ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி பெட்ரூம் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். அப்பா அந்தக் காலத்துக் கணக்கர். படுக்கப் போகும்போது ஒரு தடவை உள்ளே பார்ப்பார், ஒரு தடவை வாசலில் வைத்துப் பார்ப்பார், டைரியில் எழுதுவார். கோடையில் பல ராத்திரிகளில் பத்து மணிக்கு வாசலில் 30, அறைக்குள் 35. வெளியே இருக்கும் மாடு நம்மைவிட நன்றாகத் தூங்குகிறது என்று ஒரு நாள் எழுதியிருந்தார்.

பகல் சூட்டைவிட இந்த ராத்திரிச் சூடுதான் வயதானவர்களுக்கு ஆபத்து. பகலில் பட்டதை உடம்பு ராத்திரியில்தான் சரி செய்துகொள்கிறது. அந்த நேரமும் அடுப்பில் இருந்தால் மறுநாள் காலை கடனோடு தொடங்குகிறது. வட்டி ஏறிக்கொண்டே போகும். நாலாவது, ஐந்தாவது நாளில் விழுவார்கள். அதிலும் ரொம்பச் சூட்டில் ஃபேன் உதவாது. 40 டிகிரிக்கு மேல் ஃபேன் உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

காலண்டரைப் பார்த்தேன்

சனிக்கிழமை உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். பேப்பரில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எந்த மாதம் யார் எந்த அறையில் படுப்பார்கள் என்று குறித்தேன்.

நாங்கள் ஊருக்குப் போவது எப்போது? பள்ளிக்கூட லீவில். குவைத்தில் அது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஏப்ரலில் இங்கே இந்தியப் பள்ளிகளில் புது வகுப்பு தொடங்கிவிடும், அசைய முடியாது. நாங்கள் போகும்போது ஊரில் தென்மேற்குப் பருவமழை. கணவாய்க் காற்று ஜன்னலைப் படார் படார் என்று அடிக்கும். ராத்திரி போர்வை வேண்டும். அந்த மாதங்களில் எவன் ஏசி போடுவான்?

வெயில் பிப்ரவரியிலிருந்து மே வரை. அந்த நாலு மாதமும் வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். படுப்பது ஒரே அறை.

அதாவது, நான் பிளானில் போட்ட நாலு ஏசியில் மூன்று, வெயில் காலத்தில் ஆளே இல்லாத அறைகளுக்கு. நாலாவதைப் போட வேண்டியவர்கள் "வேண்டாம்" என்கிறார்கள்.

நம்மில் பலருடைய வீடு இப்படித்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழைக்காலத்தில் வந்து போகிறவர்கள் ஏசியைப் பற்றி முடிவு செய்கிறோம். வெயில் காலத்தில் இருப்பவர்கள் "உங்க இஷ்டம்" என்கிறார்கள். எத்தனை ஏசி என்று கேட்பதற்கு முன்னால், சித்திரை மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வீட்டில் யார் படுத்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் தானாக வந்துவிடுகிறது.

இரண்டாவது ஏசிதான் விலை அதிகம்

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். பி.காம் படித்ததற்கு ஒரு தடவையாவது வீட்டுக்கு உபயோகப்பட வேண்டாமா?

ஏசியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர அட்டையில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அது வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்கிற கணக்கு. ஒரு டன் மெஷின் அட்டையில் 550 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரம், வருஷத்துக்கு நூறு ராத்திரி என்றால் 800 மணி. அட்டையில் பாதி, 275 யூனிட். எங்கள் ஊர் சூட்டுக்காக அதை ஒன்றரை மடங்காக்குவோம். 410 சொச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் வருஷத்துக்கு 3,300 ரூபாய். நாலு மாசத்துக்குப் பிரித்தால் மாசம் நூறு யூனிட்.

அம்மாவின் அந்த ரெண்டு நாள் ஆஸ்பத்திரிச் செலவு இதைவிட அதிகம்.

ஆனால் இங்கே ஒரு வளைவு இருக்கிறது. கேரளாவில் வீட்டு மின்கட்டணம் மாசம் 250 யூனிட் வரை படிப்படியாக ஏறும். முதல் ஐம்பதுக்கு ஒரு விலை, அடுத்த ஐம்பதுக்கு ஒரு விலை. 250-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய், முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. (செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம். அவர் கணக்கு வேறு. ரோடு ஒன்றுதான், பில் வேறு.)

எங்கள் வீட்டுச் செலவு இப்போது மாசம் 140 யூனிட். ஒரு ஏசியோடு 240. உள்ளேயே இருக்கிறோம். இரண்டாவது ஏசியும் அப்படியே ஓடினால் 340. அப்போது ஃபிரிட்ஜ், மோட்டார், சாமி அறை பல்பு வரை எல்லாவற்றின் விலையும் ஏறுகிறது. முதல் ஏசிக்குக் கொடுப்பது அதன் விலையை மட்டும். இரண்டாவது ஏசி வீடு முழுவதுக்கும் விலை ஏற்றிவிடும்.

மெஷின் விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதைக் காரணம் காட்டி ஒன்று கூட வாங்கலாம் என்று மனசு சொல்லும். கேட்காதீர்கள்.

சூரிய மின்சாரம் போட்டால் எல்லாம் இலவசம்தானே என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல விஷயம்தான், பில் குறையும். ஆனால் பேனல் வேலை செய்வது பகலில், எங்களுக்கு ஏசி வேண்டியது ராத்திரியில். பில் கணக்கில் அது நேராகிவிடும். கம்பியில் ஓடுவது என்னவோ ராத்திரிக் கரண்ட்தான்.

கரண்ட் போன ராத்திரி

அம்மா விழுந்தது கரண்ட் இல்லாத ராத்திரி. அன்று பத்து ஏசி இருந்திருந்தாலும் பத்தும் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டிகள்தான். சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியில் ஃபேன் ஓடும், ஏசி ஓடாது.

அதனால் மூன்று ஏசிக்கு வைத்திருந்த பணத்தைக் கூரைக்குத் திருப்பிவிட்டேன். தார்சுக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்து ஓடு போடுகிறோம். கேரளாவில் பலர் மழைக்காக இதைச் செய்கிறார்கள். வெயிலுக்கும் இதுவே மருந்து. கான்கிரீட்டுக்கு நிழல் கிடைத்துவிட்டால் அது ராத்திரியில் கக்குவதற்குச் சரக்கு இருக்காது. நடுவில் ஆள் நிற்கிற உயரம் காலி, இரண்டு பக்கமும் திறப்பு. காற்று சூட்டை வெளியே தள்ளிவிடும். துணி காயப்போடவும் இடம்.

மேற்குச் சுவரில் ஜன்னலைச் சின்னதாக்கி சன்ஷேடை நீளமாக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு வேப்பங்கன்று வைத்தாயிற்று. அந்தச் சுவரை மட்டும் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் காலி விட்டுக் கட்டினார்கள். லாரி பேக்கர் கேரளாவில் பரப்பிய முறை அது. செங்கல்லும் நாலில் ஒரு பங்கு மிச்சம், நடுவில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். மேஸ்திரி முதலில் "இது ஏழை வீட்டு வேலைங்க" என்றார். இருக்கட்டும் என்றேன். பணம் இல்லாதவர்கள் மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்தாலே போதும், வித்தியாசம் தெரியும். 2010-ல் வெப்ப அலையில் அடிபட்ட அகமதாபாத், 2013-ல் வெயிலுக்கென்று தனித் திட்டம் போட்டது. அங்கே பிற்பாடு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்ததும் இதற்காகத்தான்.

கூரையைச் சரி செய்துவிட்டு ஏசி போட்டால் சின்ன ஏசி போதும், குறைவாக ஓடும். கூரையை அப்படியே விட்டுவிட்டு ஏசி போட்டால், அடுப்பை அணைக்காமல் சட்டியில் ஐஸ் போடுகிற கதை.

மாமனார் வீட்டில் வேண்டாம்

இடுக்கிக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு என் பதில் வேறு. மூணாறு, பூப்பாறை, உடும்பஞ்சோலை உயரத்தில் ஏசி பாயிண்ட் பூஜ்யம். (தொடுபுழா மாதிரி அடிவாரத்தில் கட்டுகிறவர்கள் எங்கள் கணக்கில் சேருங்கள்.) ஆனால் மலையில் வெயில் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. 2024 கோடையில் வெயிலிலும் வறட்சியிலும் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் எப்படிக் கருகின என்று உங்களுக்கே தெரியும். என் மாமனார் அந்த வருஷம்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக சீலிங் ஃபேன் வாங்கினார். அங்கே வேண்டியது அதுதான், கூடவே தகரக் கூரைக்கு அடியில் ஒரு பலகைத் தடுப்பும்.

அவர் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "மாப்ள, நீங்க கீழ ஏசி போட்டா எங்க மலைத் தண்ணிதான எறங்குது?"

விளையாட்டாகச் சொன்னாலும் கணக்குச் சரி. 1940-ல் மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசலில்தான் கேரளாவின் முதல் நீர்மின் நிலையம் வந்தது. இடுக்கி அணைத் தண்ணீர் மூலமட்டத்தில் 780 மெகாவாட் தருகிறது. 2024 மே தொடக்கத்தில் கேரளாவின் உச்ச நேரத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. மூலமட்டத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல். மீதியில் பெரும்பகுதி வெளியிலிருந்து விலைக்கு வாங்குவது. அந்த உச்சம் வந்தது பகலில் அல்ல, ராத்திரியில். எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடியதால். அப்போது பாலக்காட்டில் மின்வாரியம் ஏசியை 26 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், ஒன்பது மணிக்கு மேல் கடைகளில் அலங்கார விளக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு தெருவில் பத்து ஏசி ஓடி டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் போனால், அணைவது அந்தப் பத்து வீடு மட்டும் அல்ல. ஒரே ஒரு ஃபேனை நம்பிப் படுத்திருக்கும் அடுத்த வீட்டுக்காரருடையதும் சேர்ந்துதான் அணைகிறது. ஆட்டோ வைத்து அம்மாவைக் கூட்டிப் போனாளே அந்தப் பெண், அவள் வீட்டில் ஏசி இல்லை. ஆளில்லாத ஹாலுக்கு நான் போடும் இரண்டு டன் அவள் குழந்தையின் ஃபேனை நிறுத்தக்கூடும். ஏசியின் வெளிப்பெட்டி கக்கும் சூடும் அவள் ஜன்னலுக்குப் போகாத பக்கமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அதற்காக "ஏசியே பாவம்" என்று சொல்லும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களில் பலர் அதை எழுதுவது ஏசி அறையிலிருந்து. எழுபது வயதுக்காரருக்குச் சித்திரை ராத்திரியில் ஒரு குளிர்ந்த அறை என்பது ஆடம்பரம் இல்லை. பி.பி. மாத்திரை, மூக்குக்கண்ணாடி வரிசையில் வைக்க வேண்டியது.

போட்டால் மட்டும் போதாது

வாங்கிக் கொடுத்த ஏசியை அம்மா போடமாட்டார், இது எனக்கு நிச்சயம் தெரியும். மிக்சியே விருந்தாளி வந்தால்தான் வெளியே வரும். அதனால் சில ஏற்பாடுகள்.

ஒன்று, கரண்ட் பில் என் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்தாயிற்று. பில்லைக் கண்ணால் பார்த்தால்தானே அணைக்கத் தோன்றும்.

இரண்டு, 26-லேயே நிற்கும், கூடவே மெதுவாக ஃபேன். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு சொல்லும் கணக்கு. அம்மாவுக்கு 26-ல் கால் வலியும் வராது.

மூன்று, பொறுப்பு அப்பாவுக்கு. டைரியில் பத்து மணிக்கு உள்ளே 32-க்கு மேல் இருந்தால் போட வேண்டும். குறைவாக இருந்தால் ஜன்னல். அப்பாவுக்கு விதி என்று ஒன்று கொடுத்துவிட்டால் மீற மாட்டார்.

நாலு, கஞ்சியில் உப்பு. இது டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில்.

ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணு, தம்பி. அப்பா அம்மா ரூம். எங்க ரூமுக்குச் செவுத்துல வழி மட்டும் விட்டு மூடி வெச்சுரு. நாங்களும் ஒரு நாள் அங்க வந்து வயசாகிப் படுப்போம்ல."

"ஹாலுக்குங்கண்ணா?"

"ஹாலுக்கு ரெண்டு ஜன்னல் இருக்குது."

அம்மாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. "ஒண்ணே ஒண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். "உனக்குன்னு போடு சாமி, நீ வரும்போது இருக்கட்டும்" என்றார். நான் வரும்போது மழையாக இருக்குமே அம்மா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

இன்று ராத்திரி ஊருக்கு ஃபோன் பண்ணும்போது "வெயில் எப்படி?" என்று கேட்காதீர்கள். "புழுக்கம்தான், வேற ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். படுக்கிற அறையில் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். தெரியாது என்றால் அடுத்த முறை போகும்போது வாசனை சோப்புக்குப் பதில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் போங்கள்.